மேலே இன்னும் பொழுது இருக்கிறது

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு: மலை ஏறமாட்டோம். தலைக்கு மேல் மூன்று மலை. மூன்றிலும் கோட்டை. காலையில் கதவைத் திறந்தால் ராஜகிரி, கொல்லைக்குப் போனால் ராஜகிரி, பல் தேய்த்துத் துப்பும்போதும் எதிரே நின்று முறைக்கிற ராஜகிரி. இத்தனை பார்த்த பிறகு அதன் மேல் ஏறி வேறு பார்ப்பானேன்? ஏறுகிறவர்கள் எங்கள் ஊரில் இரண்டு வகைதான். வெளியூர்க்காரர்கள், ஆட்டைத் தொலைத்தவர்கள். மற்றவர்களுக்கு மலை என்பது மேற்கே யாரோ சாத்திவிட்டு மறந்துபோன கதவு. பக்கத்து ஊர்களில் சூரியன் நிதானமாக மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் சூரியனைப் பிடுங்கிக்கொள்கிற கதவு.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் அந்த இரண்டு வகையிலும் இல்லை. மல்லாட்டை வியாபாரி, நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவர் வாழ்நாளில் ஏறிய உயரம் கடையில் அடுக்கிய மூட்டைகளின் உச்சி. அப்படிப்பட்டவர் மெட்ராஸில் ஒரு கல்யாண வீட்டில், எங்கள் ஜனத்தைச் சேர்ந்த ஒரு விதவையம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "செஞ்சி மலையா? அது நம்ம வூட்டு மாடி மாதிரிம்மா. காலையில ஏறி எறங்கினாத்தான் எனக்குக் காப்பியே உள்ள போவும்."

அந்த அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகன் இருந்தான். நைனாவுக்கு நான் இருந்தேன். பொய் சொல்ல அந்த அளவு காரணம் போதும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். மெட்ராஸிலிருந்து அந்த அம்மா சேதி அனுப்பினார். பெண்ணை வீட்டில் பாய் போட்டு உட்காரவைத்துக் காட்ட வேண்டாம், அதெல்லாம் பழைய வழக்கம், எல்லோருமாக மலைக்குப் போவோம், நடக்கும்போதே பார்த்துக்கொள்கிறேன் என்று.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "இன்னாங்க இது? பொண்ணு பாக்கறாங்களா, அவலூர்பேட்டை சந்தையில மாடு புடிக்கறாங்களா, நடக்கவுட்டுப் பாக்கறதுக்கு?"

"மெட்ராஸ்காரங்க. அங்க அதான் பேஷன்" என்றார் நைனா. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார். கடன்காரனைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

என்னைக் கேட்டால், பல்லைப் பிடித்துப் பார்த்தாலும் சரி என்றுதான் இருந்தேன். எனக்கு மெட்ராஸ் வேண்டும். மாப்பிள்ளை இல்லை, மெட்ராஸ். செஞ்சியில் நான் தும்மினால் பக்கத்து ஊர் சிங்கவரத்தில் கஷாயம் போடுவார்கள். என் பாவாடை எந்த வருஷம் தாவணியானது என்று கடைத்தெருவுக்கே தெரியும். யாருக்கும் என்னைத் தெரியாத தெரு ஒன்றில், யாருடைய மகள் என்ற கேள்வி இல்லாமல், சும்மா நடக்க வேண்டும். கடலோரம் உட்கார்ந்து அலையை எண்ணாமல் பார்க்க வேண்டும். வாசகசாலையில் ஒரு முழுப் பகலைத் தொலைக்க வேண்டும். பெண்ணாகப் பிறந்தவள் அந்த நாளில் அங்கே போக ஒரே வழி கல்யாணம். மாப்பிள்ளை என்பவர் எனக்குத் திண்டிவனத்தில் மாறி ஏறுகிற பஸ். அந்த பஸ்ஸைத் தவறவிடக் கூடாது. இவ்வளவுதான் அன்றைக்கு என் பிரார்த்தனை, தியானம், மோட்சம் எல்லாம்.

பஸ் தாமதமாக வந்தது. நான் சொல்வது நிஜ பஸ். வெயில் உச்சி தாண்டிய பிறகு வந்து இறங்கினார்கள். அந்த அம்மா அகலமான உடம்பு, வெள்ளைப் புடவை, கண்ணில் எடைக்கல். அவர் மகன் ஒல்லி. டெரிலின் சட்டை, பளபளக்கும் பூட்ஸ், பாங்கில் வேலை. வந்ததும் மோர் குடித்தார்கள். சாப்பிடச் சொல்ல என் அம்மா வாயெடுப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்: "சாப்பாடு கோட்டையிலதான்! ஏறி எறங்கிப் பசியோட உக்காந்தா அதும் ருசியே வேற."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் தமிழ்ச் சமணர்கள், நயினார் என்பது எங்கள் பட்டப்பெயர். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். விளக்கு வைத்த பிறகு வாயில் ஒரு பருக்கை போகாது. அப்புறம் மறுநாள் சூரியன் வந்து கதவைத் தட்ட வேண்டும். தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டியதுதான். அதனால் மெட்ராஸம்மா காலையில் சூரியன் வந்ததும் வீட்டில் சாப்பிட்டதோடு சரி. வழியில் இருக்கிற ஓட்டல் எதிலும் தலைவைத்துப் படுக்காதவர். அந்த மோர்தான் அவருக்கு இரண்டாவது ஆகாரம்.

அம்மா வீட்டோடு நின்றுகொள்ள, மாட்டு வண்டியில் கோட்டைக்குள் போனோம். நைனாவின் அக்கா, என் அத்தை, புளிச்சோற்றுத் தூக்கு, தயிர்ச்சோற்றுத் தூக்கு, வடைக் கூடை, தையல் இலைக் கட்டு எல்லாவற்றையும் மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். ஆசாரத்தில் அத்தை எங்கள் வீட்டு நெருப்பு. எறும்பு ஓடினால் நின்று வழிவிடுவார். மனுஷர் ஓடினால் அந்தச் சலுகை கிடையாது.

கல்யாண மஹால் என்கிற அடுக்குக் கோபுரத்தின் அருகே வண்டியை அவிழ்த்தார்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் பெருநகரமாம். யானை கட்டிய இடத்தில் ஆடு. ராஜா நடந்த இடத்தில் மல்லாட்டைக் கொடி.

"சோத்த மேல எடுத்துகினு போலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? போனதும் வந்ததுமா இருக்கும்" என்றார் நைனா, ஒருநாளும் ஏறாத மனுஷர். "அக்கா, நீ வண்டியாண்டையே இரு. எல போட்டு வை. வந்துடறோம்."

இப்படியாகச் சோறு கீழே நின்றது. பசி மேலே கிளம்பியது.

ஏறத் தொடங்கியதும் எனக்கு ஒன்று புரிந்தது. மெட்ராஸம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குத்தியைப் பார்க்கவில்லை. என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்குகிறதா, எத்தனை படிக்கு ஒரு முறை நிற்கிறேன், நின்றால் இடுப்பில் கை வைக்கிறேனா. நடுநடுவே கேள்வி வேறு:

"வூட்ல தண்ணி யாரு எடுக்கறது?"

"நான்தாங்க."

"கெணறு ஆழமா?"

"ஆழந்தாங்க."

"தலையிலயா, இடுப்புலயா?"

"ரெண்டுலயும்."

"ம்" என்றார். அந்த 'ம்' ஒரு வைத்தியர் நாடியை விட்டபின் சொல்கிற 'ம்'.

நைனா முன்னால் போய்க்கொண்டே சரித்திரம் சொன்னார். அவருக்குத் தெரியாத சரித்திரம் என்பதால் தடையில்லாமல் வந்தது. பெரிய களஞ்சியத்தைக் காட்டி ராணி குளிக்கும் இடம் என்றார். குளத்தைக் காட்டி அதுவும் ராணி குளிக்கும் இடம் என்றார். உடைந்த பீரங்கியைக் காட்டுவதற்குள் அவருக்கே மூச்சு முட்டிவிட்டதால் ராணி தப்பித்தாள்.

பாதி மலையில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் சீத்தாப்பழத்துக்காகத் திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறேன். அங்கே பாங்க் மாப்பிள்ளை ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்கு. பூட்ஸ் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் சரிந்தார். நெஞ்சுக்குள் ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். நான் நின்றேன்.

"இழுப்பா?"

"சின்ன வயசுலேருந்து."

"அப்ப எதுக்கு மலைக்கு வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? அம்மா வந்தாங்க. நான் கூட வந்தேன்." மூச்சைச் சேர்த்துக்கொண்டு என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "எதுக்கு மலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பேஷன்னு நைனா சொன்னாரு."

சிரிக்கப் பார்த்தார். பூனை விடவில்லை. "நம்ம வூடு மூணாவது மாடி. கொழா கீழ, தெருவுல இருக்குது. எனக்கு இந்த நெஞ்சு. இத்தினி வருஷமா அம்மாதான் கொடம் தூக்கிகினு ஏறினாங்க. இனிமே முடியாதுங்கறாங்க. அதான்."

"அதான்னா?"

"அதான் நீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். இனிமே முடியாத அந்த அம்மா, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, நைனாவை முந்தி, மேல் வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"முடியாதவங்க மாதிரி தெரியலியே" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார் அவர், பூட்ஸில் ஏறியிருந்த எறும்பை ஊதிவிட்டுக்கொண்டே.

அந்தப் பாறையிலிருந்து எனக்கு மெட்ராஸ் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. கடலுக்கு முன்னால் மூன்று மாடிப் படி நின்றது. வாசகசாலைக்கு முன்னால் குடம் உட்கார்ந்திருந்தது. செஞ்சிக் கிணற்றிலிருந்து தப்பித்து மெட்ராஸ் குழாயில் போய்த் தூக்கு மாட்டிக்கொள்ளவா இந்த ஓட்டம்? ஆனாலும் அந்த மனுஷர் அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்களில் யார் உண்மை சொல்கிறார்கள்? அது என்னைக் குழப்பியது. சனியன், பிடித்தும் போனது.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்திருக்கும். யானை விழுந்தால் சத்தம் மட்டும் திரும்பி வருகிற பிளவு. குறுக்கே பலகைப் பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பலகையை இழுத்துக்கொள்வார்களாம். எதிரி அந்தப் பக்கம் நின்று வாயைப் பிளக்க வேண்டியதுதான். அதன் முன்னால் நின்றுவிட்டிருந்த மெட்ராஸம்மா, நான் வந்து சேர்ந்ததும் கண்ணை இறுக மூடி, என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, அருகன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தாண்டினார். அவர் மகனும் சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். நைனா கடைசியாக வந்தார், தினமும் காப்பிக்கு முன்னால் ஏறுகிறவர், நாலு காலில்.

உச்சியில் காற்று. என்ன காற்று! புடவை, சட்டை, நைனாவின் துண்டு எல்லாம் பறந்துபோகத் துடிக்க, உடம்புகள் மட்டும் அதற்குச் சம்மதிக்காமல் நின்றன. கீழே செஞ்சி, நான் அத்தனை பயந்த அந்தக் கடைத்தெரு, சிந்திய ஓட்டாஞ்சல்லி போலக் கிடந்தது. அதற்கப்பால் நெல், மல்லாட்டை, சிங்கவரத்துப் பாறைகள். மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் மலைகள் நீலமாக வரிசை கட்டி, சூரியனுக்கு இடம் போட்டு வைத்திருந்தன.

"அதோ பாருங்க, வெள்ளையா" என்று கிழக்கே கை நீட்டினார் நைனா. "அதான் மெட்ராஸ்."

"அது மேகம், நயினாரே."

"மேகத்துக்குக் கீழ."

மெட்ராஸம்மா சிரித்தார். சிரித்தபடி திரும்பியவர் வந்த வழியைப் பார்த்தார். பலகையை. பலகைக்குக் கீழே இருந்ததை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டியதால் அதுவரை அவர் அதைப் பார்க்கவேயில்லை. சிரிப்பு அப்படியே உறைந்தது. மெல்ல, இடிந்த மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நயினாரே. நான் எறங்கமாட்டேன்."

"கொஞ்சம் எளைப்பாறிட்டு…"

"எளைப்பாறினாலும் எறங்கமாட்டேன். தல சுத்துது. காத்தால தின்னது. வெறும் வயித்தோட அந்தப் பலகையில கால வெச்சேன்னா நேரா கீழதான். சோறு எங்க?"

சோறு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சூரியனைப் பார்த்தோம். அது பேச்சில் கலந்துகொள்ளாமல் தன் வேலையாக இறங்கிக்கொண்டிருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்த சம்பந்தியைப் பட்டினி போட்டு மலை மேல் உட்காரவைத்தான் என்ற பெயர் வந்தால் அப்புறம் பெண்ணும் போகாது, மல்லாட்டையும் போகாது. நைனாவின் முகத்தில் அது ஓடியது. எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் மறுத்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்தார்; பூனை கத்தியது.

"நான் போயி எடுத்தாறேன்" என்றேன்.

மெட்ராஸம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பசிக் கண்ணிலும் எடைக்கல் இருந்தது. "எறங்கி, மறுபடி ஏறுவியா? பொழுதுக்குள்ள?"

"பாக்கலாங்க."

"போ, பாக்கலாம்."

இறங்கும்போது கால் ஓடியது, மனசு நின்றது. விஷயம் மிகச் சுலபம். வேகமாக வந்தால் மெட்ராஸ், கூடவே ஆயுளுக்கும் குடம். மெதுவாக வந்தால் செஞ்சி, தும்மல், கஷாயம். ஒரு படியில் உட்கார்ந்து காலில் முள் என்று சொன்னால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை உட்காரவும் பார்த்தேன். இரண்டு முறையும் அந்த 'அதான் நீங்க' வந்து எழுப்பியது.

மலையின் கிழக்குப் பக்கம் என்பதால் நான் இறங்க இறங்க இருட்டு ஏறியது. கீழே வரும்போது சாம்பல் நிறம். இலை எதுவும் போட்டிருக்கவில்லை. தூக்கின் மூடியைத் துணியால் இறுகக் கட்டிவிட்டு, அதற்குக் காவலாக அத்தை உட்கார்ந்திருந்தார்.

"அத்த, சோறு."

"இன்னாத்துக்கு?"

"மேல பசியில இருக்காங்க. எறங்கமாட்டேங்கறாங்க. நான் எடுத்துகினு போறேன்."

"பொழுது பூடுச்சிடி."

"பூடல. மல மறைக்குது."

"எது மறைச்சா இன்னா? கண்ணுக்குத் தெரியாத சூரியன் இன்னா சூரியன்? அப்பிடிப் பாத்தா நட்ட நடு ராத்திரியில கூட ஏதோ ஒரு தேசத்துல வெயிலு காஞ்சிகினுதான் இருக்கும். அதுக்காகக் கொட்டிக்குவியா?"

நல்ல கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வந்த நொடியில் உட்காருவதா ஓடுவதா என்ற யோசனை எல்லாம் போய்விட்டது. முடியாது என்று யாராவது சொன்னால்தான் என் காலுக்கு உயிர் வரும்; இன்றைக்கும் அப்படித்தான்.

"கீழ குந்திகினு மேல இருக்கறவங்களுக்குப் பொழுத முடிச்சி வெக்காதீங்க அத்த. திங்கறவங்க எங்க இருக்காங்களோ, அங்க தெரியிற சூரியன்தான் கணக்கு."

"இது எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

"இப்பத்தான் உண்டாச்சி."

புளிச்சோற்றுத் தூக்கைப் பிடுங்கித் தலையில் வைத்து, இலைக்கட்டை இடுப்பில் செருகினேன். அத்தை தடுக்கவில்லை. எறும்புக்கு விடுகிற மாதிரி வழி விட்டார். முதுகுக்குப் பின்னால் குரல் மட்டும் வந்தது: "அவங்க வாயில வெக்கறப்ப பொழுது பூட்டிருந்தா பாவம் உன் தலமேல!"

"எடம் இல்ல அத்த, தூக்கு இருக்குது!"

பிறகு ஏறினேன். அதை நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. மலை என்னைப் படிப்படியாக விழுங்கி மேலே துப்பிக்கொண்டிருந்தது. எதிரே கிருஷ்ணகிரி, எங்கள் மூன்று மலையில் இன்னொன்று. அதன் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டியிருந்தது, தின்றவன் உதட்டில் நெய் மாதிரி. அதுதான் எனக்குக் கடிகாரம். அது இருக்கிறவரை மேலே சூரியன் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் குறைந்திருந்தது. இருடா, இருடா என்று சூரியனைக் கெஞ்சினேன்; பிறகு திட்டினேன்; எங்கள் ஊர்ப் பால்காரனிடம் பேசுகிற எல்லா வார்த்தையும் அதனிடம் பேசினேன். கமலக்கண்ணி அம்மனைத் தாண்டும்போது, அவள் எங்கள் சாமி இல்லை என்றாலும், மரியாதைக்கு நின்று ஒரு கும்பிடு போட நேரம் இல்லை என்று அவளிடமே சொல்லிவிட்டு ஓடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. புளிச்சோறு தலைக்கு மேல் மணந்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெண் பார்க்கிற நாளில் பெண்ணுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

பலகைப் பாலம். குனிந்து பார்க்கவில்லை. தாண்டிக் கடைசி வாசலில் திரும்பினேன். முகத்தில் அடித்தது.

வெயில்!

கீழே முடிந்துபோன பொழுதுக்குள்ளிருந்து நான் இன்னும் முடியாத பொழுதுக்குள் ஏறி வந்திருந்தேன். செத்துப்போனதாகச் சொன்ன ஆள் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுவது போல, சூரியன் மேற்கு மலைகளின் மேல் பெரிதாக, சிவப்பாக, ஒரு கவளம் புளிச்சோறு மாதிரி இருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சு இல்லை.

மெட்ராஸம்மா மேற்கே பார்த்து உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார், விட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. "இருக்குது, இருக்குது! சீக்கிரம் போடு!"

இலை, சோறு. அவருக்கு, அவர் மகனுக்கு, நைனாவுக்கு. ஒரு வாய் சோறு, ஒரு பார்வை மேற்கே. ஒரு வாய், ஒரு பார்வை. சூரியன் பாதி ஆனது. மெட்ராஸம்மா இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "நின்னா இன்னும் கொஞ்சம் தெரியுது" என்றார். கால் பங்கு ஆனது. பக்கத்தில் இருந்த மணிக்கூண்டின் படியில் ஏறினார். பிறகு அடுத்த படி. வெள்ளைப் புடவை படபடக்க, இடது கையில் இலை, வாய் நிறையச் சோறு, எக்கி எக்கிப் பார்த்தபடி ஏறினார். அந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த எந்தப் படையும் அத்தனை உறுதியோடு ஏறியிருக்காது.

எனக்கு இலை போட்டு உட்கார்ந்தேன். கவளத்தைப் பிசைந்தேன். மணிக்கூண்டிலிருந்து குரல் வந்தது: "பூடுச்சி."

பிசைந்த கையை இலையிலேயே உதறினேன். சாஸ்திரம் உண்டாக்கியது நான்தானே. அதை நானே மீறினால் அத்தை சிரிப்பார்.

மாப்பிள்ளை என் இலையைப் பார்த்தார். அவர் இலையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. அவர் நெஞ்சுக்கு வேகமாகவும் சாப்பிட முடியாது. இலையை மெதுவாக மடித்தார்.

"நீங்க ரெண்டு தபா ஏறினீங்க" என்றார். "ஒரு வாய் கூடத் திங்கல."

"நீங்க பாதிதான் தின்னீங்க."

"நான் பாதிதான் ஏறினேன். அப்புறம் நகந்தேன்."

சிரித்துவிட்டேன். பெண் பார்க்கிற இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது. நைனா இருமினார்.

மெட்ராஸம்மா படி இறங்கி வந்தார். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. "நயினாரே, எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குது. நெஞ்சா அது, துருத்தி! நம்ம வூடு மூணாவது மாடி. தண்ணி கீழ. இவ இருந்தா எனக்கு ஒரு கவல இல்ல."

நைனா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்து வா என்கிறார். ஏறிவிட வேண்டியதுதான். ஆனால் வயிறு காலி, தலையில் தூக்கின் தடம். அப்படி இருக்கும்போது நாக்குக்குப் பயம் இருக்காது.

"கீழ் வூடு பாருங்க. வர்றேன்."

"இன்னா?"

"மாடி வேணாம். கொழா இருக்கற எடத்துல வூடு பாருங்க. கடலுக்குப் போகணும், வாசகசாலைக்குப் போகணும். கொடம் தூக்கறதுக்குன்னா எனக்கு செஞ்சியே போதும். இங்க கெணறு இருக்குது."

நைனா தூணோடு தூணாகிவிட்டார். மெட்ராஸம்மாவின் கண்ணில் எடைக்கல் ஏறி இறங்கியது. "கீழ் வூட்ல வெளிச்சமே வராதுடி. பொழுது இருக்குதா பூடுச்சான்னே தெரியாது. சாப்புடறது எப்பிடி?"

"தெரியலன்னா மாடிக்கு ஏறிப் பாத்துக்கலாம்" என்றேன். என் வாயில் யார் அதைப் போட்டார்களோ.

"கீழ் வூடு பாக்கலாம்மா" என்றார் மாப்பிள்ளை. அம்மாவிடம் அவர் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

அந்தியின் கடைசி வெளிச்சத்தில் இறங்கினோம். வயிறு நிறைந்த மெட்ராஸம்மா பலகையைக் கண் திறந்தே தாண்டினார். வண்டியருகே அத்தை அதே இடத்தில் இருந்தார். விருந்தாளிக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று அவரும் வாயில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. என் வாயை முகர்ந்து பார்த்தார். "மேலதான் பொழுது இருந்துச்சே, நீ ஏண்டி திங்கல?"

"பரிமாறினேன்."

அத்தை வண்டியில் தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். தயிர்ச்சோறு நிறைந்த தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, செஞ்சிக் கோட்டையின் இரண்டு பட்டினிக்காரிகள் வீடு போய்ச் சேர்ந்தோம்.

கீழ் வீடுதான் பார்த்தார்கள். குழாய் வாசலிலேயே இருந்தது. கடல் பார்த்தேன், வாசகசாலையில் பகல்களைத் தொலைத்தேன், தும்மினேன், யாரும் கேட்கவில்லை. என்னைப் போல ஜெயித்தவள் உண்டா என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு மேல் கட்டினார். எங்கள் முற்றத்தில் நாலு மணிக்கே பொழுது போய்விடுகிறது, செஞ்சியை விட மோசம். என் மாமியாருக்கு அப்போது பசி எடுப்பதில்லை. ஆனால் கவலையும் இல்லை. அவர்தான் மலையில் ஒரு சாஸ்திரம் கற்றுக்கொண்டு வந்தவராயிற்றே. திங்கிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே தெரிகிற சூரியன்தான் கணக்கு. தினமும் சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு பொது மாடிப்படியில் ஏறி, மூன்று மாடியும் தாண்டி, மொட்டை மாடியில் மேற்கே பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். இனிமே முடியாது என்று அந்த நாளிலேயே சொன்ன மனுஷி.

தட்டை அவரே எடுத்துப் போய்விடுவார். வடிகட்டிய தண்ணீர்தான் நான் கொண்டுபோக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து குரல் வருகிறது. அவர் மகன் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். நெஞ்சுப் பூனைக்கு இப்போது வயதாகிவிட்டது, சிரிக்கும்போது மட்டும் கத்தும்.

"தண்ணி எங்கடி? இருக்குது, இருக்குது, சீக்கிரம் வா!"